செஸ்ட் பிரஸ் மெஷின்ல முதல் தடவ உக்கார்றீங்களா, முதல்ல சீட்ட பாருங்க

ஜிம்முல புதுசா சேர்ந்தவங்க முதல் வாரத்துலயே போய் உக்கார்ற மெஷின் எதுன்னா பெரும்பாலும் செஸ்ட் பிரஸ் தான். பார்க்க நாற்காலி மாதிரி இருக்கு, முன்னாடி ரெண்டு கைப்பிடி, பக்கத்துல அடுக்கி வெச்ச இரும்பு பிளேட்டுங்க, உக்காந்து தள்ளினா முடிஞ்சுது, இதுல கத்துக்க என்ன இருக்குன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. எனக்கு முன்னாடி தள்ளிட்டு இருந்தவர் நல்ல உயரம், அவர் எழுந்த உடனே அந்த சூட்டோட நான் போய் உக்காந்துட்டேன், வெயிட்ட மட்டும் குறைச்சேன், சீட்ட தொடக்கூட இல்ல. அவருக்கு சீட் கீழ இருந்துச்சு, எனக்கு ஹேண்டில் கிட்டத்தட்ட கழுத்துக்கு நேரா வந்துச்சு. அப்படியே மூணு செட் (நடுவுல ஓய்வு விட்டு மூணு சுத்து) தள்ளிட்டு சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன், மறுநாள் சட்டைக்குள்ள இடது கைய நுழைக்க முடியல. மூணு வாரம் மேல் அலமாரில இருந்து ஒரு பொருள எடுக்கணும்னா வலது கை தான்.

அடுத்தவன் செருப்புல கால நுழைச்சுட்டு ஓடின மாதிரி வேலை அது. எவ்ளோ வெயிட் போடலாம்னு யோசிச்ச நேரத்துல பாதிய சீட்டுக்கு குடுத்திருந்தா அந்த மூணு வாரம் மிச்சம். அதனால இங்க சீட், ஆரம்ப இடம், தோள் இந்த மூணுக்கும் தான் அதிகம் எழுதியிருக்கேன், மத்தது எல்லாம் சீக்கிரம் ஓடிரும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. இதய பிரச்சனை, கட்டுக்குள்ள வராத பிரஷர், நெஞ்சுலயோ தோள்லயோ சமீபத்துல ஆபரேஷன், எப்பவாவது தோள் மூட்டு நழுவினது, இதுல ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க. ஜிம் ட்ரெய்னர் சரின்னு சொன்னா மட்டும் போதாது.

இந்த மெஷின் என்ன பண்ணுது

நெஞ்சு சதை விசிறி மாதிரி விரிஞ்சு இருக்கும். காறை எலும்புல இருந்தும் நடு நெஞ்செலும்புல இருந்தும் கிளம்பி, எல்லா நாரும் ஒண்ணா சேர்ந்து மேல்கை எலும்புல போய் ஒட்டுது. அதோட வேலை கைய உடம்போட நடுப்பக்கமா இழுக்கிறது. நீங்க தள்ளும்போது அது கூட தோளோட முன்பக்க சதையும், முழங்கைய நீட்டுற ட்ரைசெப்ஸும் சேர்ந்து வேலை செய்யுது. பெஞ்சுல படுத்து பார்பெல் (ரெண்டு முனைலயும் வெயிட் மாட்டின நீளக் கம்பி) தள்றதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் என்னன்னா, இங்க பாதைய மெஷினே போட்டு வெச்சிருக்கு, வெயிட் ஆடாது, மேல விழாது, பின்னாடி ஒருத்தர் பிடிக்க நிக்க வேண்டாம். புதுசா வர்றவங்களுக்கு அதனால தான் இத குடுக்கறாங்க.

ஆனா அதே விஷயம் தான் சிக்கலும். ஒவ்வொரு கைலயும் தனியா பிடிக்கிற டம்பெல்லா இருந்தா உங்க கை அதுக்கு வசதியான வழிய தானே தேடிக்கும். மெஷின் தன் பாதைய மாத்திக்காது, நீங்க தப்பா உக்காந்தா மாத்திக்க வேண்டியது உங்க மூட்டு தான்.

சில மெஷின்ல எவ்ளோ வெயிட் வேணுமோ அந்த பிளேட்டுல ஒரு பின் (சின்ன இரும்புக் குச்சி) சொருகணும், சிலதுல பிளேட்ட நாமளே தூக்கி மாட்டணும், சிலதுல ரெண்டு கையும் ஒண்ணா நகரும், சிலதுல தனித்தனியா நகரும். முதல் ரெண்டு மூணு வாரத்துக்கு அந்த பின் சொருகுற வகையே போதும்.

முதல்ல உடம்ப சூடாக்கணும்

அஞ்சுல இருந்து பத்து நிமிஷம் வேகமா நடங்க இல்லன்னா சைக்கிள் மிதிங்க. அப்புறம் கைய முன்னாடியும் பின்னாடியும் பத்து பத்து தடவ மெதுவா சுத்துங்க, சுவத்துல கை வெச்சு ஒரு பத்து புஷ் அப். அவ்ளோதான். ஒரே இடத்துல நின்னு நெஞ்ச ஒரு நிமிஷம் இழுத்துப் பிடிக்கிற ஸ்ட்ரெச்சிங் எல்லாம் கடைசில வெச்சுக்கலாம்.

மெஷின ஒரு பார்வை பாருங்க

கேபிள்ல நார் பிரிஞ்சு தெரியுதா, சீட் ஆடுதா, பின் வளைஞ்சிருக்கா. பத்து செகண்ட் வேலை. அந்த பின்ன பத்தி மட்டும் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா நிறைய பேர் அத சும்மா சொருகிட்டு போய்டறாங்க. பிளேட்டுக்கு நடுவுல ஓட்டை இருக்கும், பின் அந்த ஓட்டை வழியா போய் உள்ள இருக்கிற கம்பியோட துளைக்குள்ளயும் முழுசா போகணும். பாதி தான் போயிருந்தா முதல் ரெண்டு ரெப் (ஒரு தடவ தள்ளி திரும்ப விடறது ஒரு ரெப்) ஒண்ணும் தெரியாது, மூணாவதுல பின் நழுவி பிளேட் டமார்னு விழும், உங்க கைல திடீர்னு வெயிட்டே இல்லாம போய் கை முன்னாடி வெட்டி இழுக்கும். சொருகிட்டு ஒரு தடவ வெளிய இழுத்துப் பாருங்க, சில பின்ன திருப்பினா லாக் ஆகும். பின் தொலைஞ்சு போச்சுன்னு கைக்கு கிடைச்ச கம்பிய சொருகி வெச்சிருந்தா அந்த மெஷின் பக்கமே போகாதீங்க. பிளேட் அடுக்கு நகர்றப்போ அதுக்கு நடுவுல விரல விடக்கூடாது, நடுவுல சிக்கிக்கிட்டு நின்னாலும் நீங்களா கைய விட்டு சரி பண்ணாம ஆளக் கூப்பிடுங்க.

சீட் உயரம்

இதுதான் முக்கியமான கட்டம். உக்காந்துட்டு முதுக சாய்ச்சு, ஹேண்டில பிடிக்காம கைய மட்டும் அதுக்கு நேரா கொண்டு போங்க. ஹேண்டில் நடு நெஞ்சுக்கு நேரா இருக்கணும், அதாவது முலைக்காம்பு இருக்கிற மட்டம், இல்ல அதுக்கு ஒரு வெரக்கடை கீழ. தோளுக்கு நேராவோ அதுக்கு மேலயோ இருந்தா சீட் ரொம்ப கீழ இருக்குன்னு அர்த்தம், சீட்ட ஏத்துங்க. வயித்துக்கு நேரா இருந்தா சீட்ட இறக்குங்க. நிறைய பேருக்கு இது தலைகீழா தோணும், ஹேண்டில் மேல இருக்குன்னா சீட்ட கீழ இறக்கிடுவாங்க, அப்புறம் இன்னும் மேல போய்டும். ஒரு தடவ யோசிச்சுட்டு செய்யுங்க.

ஹேண்டில் மேல இருந்தா என்ன ஆகுதுன்னா, முழங்கை தோள் மட்டத்துக்கு ஏறி பக்கவாட்டுல விரிஞ்சுடுது. அந்த நிலைல தள்ளும்போது மேல்கை எலும்போட தலைக்கும் அதுக்கு மேல இருக்கிற எலும்புக் கூரைக்கும் நடுவுல இருக்கிற தசைநாண்கள் நசுங்க வாய்ப்பு அதிகம். என் இடது தோள் கதை இதுதான். முழங்கை உடம்புல இருந்து ஒரு 45ல இருந்து 60 டிகிரி வரைக்கும் விலகி இருந்தா நல்லது, ரெண்டு கையும் உடம்பும் சேர்ந்து மேலேர்ந்து பார்த்தா அம்புக்குறி மாதிரி தெரியணும், சிலுவை மாதிரி தெரியக்கூடாது.

சீட்டோட கீழ ஒரு நெம்புகோலோ இழுக்கிற குமிழோ இருக்கும், பக்கத்துல எண் போட்டிருக்கும். சரியான இடம் கிடைச்சதும் அந்த எண்ண பார்த்து வெச்சுக்கோங்க. குமிழ விட்டதும் டக்குனு சத்தம் வந்து சீட் லாக் ஆச்சான்னு ஒரு தடவ அசைச்சுப் பாருங்க, பாதில நின்ன சீட் நீங்க தள்ளும்போது ஒரு படி கீழ இறங்கும், முதுகுத்தண்டு வரைக்கும் அடிக்கும்.

ஹேண்டில் எங்க இருந்து ஆரம்பிக்குது

சீட்ட பத்தியாவது யாராவது சொல்வாங்க, இத பத்தி யாருமே சொல்றதில்ல. பல மெஷின்ல ஹேண்டில் எவ்ளோ பின்னாடி இருந்து ஆரம்பிக்கணும்னு மாத்தற ஒரு செட்டிங் இருக்கும், சிலதுல முதுகு சாய்ற பலகைய முன்ன பின்ன நகர்த்தலாம். ஹேண்டில் உங்க நெஞ்சுக்கு பக்கவாட்டுலயோ கொஞ்சம் முன்னாடியோ இருந்து ஆரம்பிச்சா போதும். முழங்கை முதுகுக்கு பின்னாடி ரொம்ப தூரம் போற அளவுக்கு வெச்சா, தோள் மூட்டோட முன்பக்கம் இழுபட்டு இருக்கிற அந்த மோசமான நிலைல இருந்து முழு வெயிட்டையும் கிளப்ப வேண்டி வரும். நெஞ்சு நல்லா விரிஞ்சா தான் சதை வளரும்னு சொல்வாங்க, அதுல உண்மையும் இருக்கு, ஆனா அது உங்க தோள் ஒத்துக்கிற அளவுக்கு தான், முதல் மாசம் அளவா வெச்சுக்கிட்டு அப்புறம் ஒவ்வொரு எண்ணா பின்னாடி போகலாம்.

செட்டிங்கே இல்லாத மெஷினா இருந்தா கால் பக்கம் பாருங்க, சிலதுல ஒரு மிதி இருக்கும். அத அழுத்தினா ஹேண்டில் தானா முன்னாடி வரும், அங்க பிடிச்சு கைய நீட்டிட்டு அப்புறம் மிதிய மெதுவா விடணும். முடிக்கும்போதும் அதே மாதிரி, முதல்ல மிதிய அழுத்தி வெயிட்ட கால்ல வாங்கிட்டு அப்புறம் கைய எடுக்கணும். மிதி இல்லன்னா ஹேண்டில அது கிளம்பின இடத்துக்கே முழுசா கொண்டு போய் பிளேட் உக்காந்தப்புறம் தான் விடணும். கை நீட்டின நிலைல அப்படியே விட்டுட்டு எழுந்துக்கிறவங்கள பார்த்திருக்கேன், பிளேட் விழுற சத்தத்துல ஜிம்மே திரும்பிப் பார்க்கும், அத விட அந்த ஹேண்டில் திரும்பி வர்ற வேகத்துல முகமோ கையோ குறுக்க இருந்தா அவ்ளோதான். இன்னொன்னு, ஒரு பக்கம் உடம்ப திருப்பி ஒத்த கையால ஹேண்டில பின்னாடி கொண்டு போய் வைக்கிறது. தள்ளும்போது வராத வலி அந்த ஒரு திருப்பல்ல வந்துடும்.

எவ்ளோ வெயிட்

அடுக்குல இருக்கிறதுலயே கம்மியானதுல ஆரம்பிங்க. கூச்சப்படாதீங்க. முதல் செட் பாதை எப்படி போகுதுன்னு தெரிஞ்சுக்க மட்டும். 10 ரெப் சுலபமா போச்சுன்னா ஒரு பிளேட் ஏத்துங்க. 10 முடிக்கும்போது இன்னும் ரெண்டு மூணு ரெப் தள்ள முடியும்னு தோணுற வெயிட் தான் உங்க வெயிட். இன்னொரு மெஷின்ல 30 தள்ளினேன் இதுல 20 தான் போகுதுன்னு கவலைப்படாதீங்க, கப்பியும் நெம்புகோலும் மெஷினுக்கு மெஷின் மாறும், பிளேட்ல எழுதியிருக்கிற எண் கைல வர்ற பாரம் இல்ல. போதாக்குறைக்கு பல மெஷின்ல கேபிள் ஒரு நத்தை ஓடு மாதிரி வளைஞ்ச சக்கரத்து மேல ஓடும், அதனால பாதி தூரத்துல ஒரு கனம், கடைசில ஒரு கனம்னு மாறிக்கிட்டே இருக்கும். ஆர்தர் ஜோன்ஸ்ங்கறவர் 1970ல நாட்டிலஸ் மெஷின விற்க ஆரம்பிச்சு பிரபலப்படுத்தின யோசனை அது, அந்த பேரே நாட்டிலஸ்ங்கற கடல் உயிரோட சுருண்ட ஓட்ட வெச்சு வந்தது தான்.

உக்கார்ற விதம்

பாதம் ரெண்டும் தரைல முழுசா பதியணும், எட்டலன்னா ஒரு பலகையோ பிளேட்டோ கீழ போட்டுக்கோங்க. இடுப்பு, மேல் முதுகு, தலை மூணும் பலகைல ஒட்டி இருக்கணும், கீழ் முதுகுல இயல்பா இருக்கிற சின்ன வளைவு இருக்கட்டும், அத அமுக்கி ஒட்ட வைக்க வேண்டாம், வில்லு மாதிரி வளைக்கவும் வேண்டாம்.

இப்ப தோள். குளிருல தோள தூக்கி காது பக்கம் கொண்டு போவோம்ல, அதுக்கு நேர் எதிரா கீழ இறக்குங்க, இறக்கின அப்புறம் முதுகுல இருக்கிற ரெண்டு இறக்கை எலும்பையும் லேசா ஒண்ண ஒண்ணு நெருங்க விடுங்க. நெஞ்சு தானா முன்னாடி வரும். இந்த நிலைய செட் முடியற வரைக்கும் காப்பாத்தறது தான் இந்த பயிற்சியோட பாதி வேலை.

எங்க கெட்டுப் போகும்னா கடைசி ரெண்டு வெரக்கடைல. கை கிட்டத்தட்ட நீண்டுடுச்சு, இன்னும் கொஞ்சம் தள்ளலாம்னு ஆசை வரும், அப்போ தோள் பலகைய விட்டு உருண்டு முன்னாடி வந்துடும். ஹேண்டில் நகர்ந்துச்சு தான், ஆனா அந்த தூரத்த நகர்த்தினது நெஞ்சு இல்ல. ஒவ்வொரு ரெப்லயும் தோள் இப்படி உருண்டு வெளிய வந்து திரும்ப பின்னாடி போச்சுன்னா கனமான வெயிட்டோட மூட்டு தேவையில்லாம ஆடுது. இத கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி, பக்கவாட்டுல கண்ணாடி இருந்தா சட்டைல தோள் தையல் இருக்குல்ல அத பாருங்க, அது பலகைல இருந்து இருக்கிற தூரம் ரெப் முழுக்க மாறாம இருந்தா நல்லா போகுதுன்னு அர்த்தம். கண்ணாடி இல்லன்னா கூட வந்தவங்கள பக்கவாட்டுல போன்ல எடுக்க சொல்லுங்க, ஒரு செட் போதும்.

பிடி

கட்டைவிரல் ஹேண்டில சுத்தி வரணும், மத்த விரலோட சேர்த்து ஒரே பக்கம் வெச்சுக்கிட்டா வியர்வைல வழுக்கும். மணிக்கட்டு பின்னாடி மடங்காம முன்னங்கையோட ஒரே கோட்டுல இருக்கட்டும், பாரம் உள்ளங்கையோட அடிப்பக்கம் விழணும். ரெண்டு விதமான பிடி இருக்கிற மெஷினா இருந்தா, உள்ளங்கை ரெண்டும் ஒண்ண ஒண்ணு பார்க்கிற நிமிர்ந்த பிடி நிறைய பேரோட தோளுக்கு இதமா இருக்கும், அதுல ஆரம்பிங்க.

தள்றது

மூச்ச உள்ள இழுத்துக்கோங்க. வெளிய விட்டுக்கிட்டே ரெண்டு செகண்ட்ல தள்ளுங்க. முழங்கை முழுசா நீண்டு பூட்டிக்கிறதுக்கு ஒரு நூல் முன்னாடி நிறுத்துங்க. மூச்ச இழுத்துக்கிட்டே மூணு செகண்ட்ல திரும்ப விடுங்க, பிளேட் அடுக்கு கீழ இடிச்சு சத்தம் வர்றதுக்கு முன்னாடி நிறுத்தி அடுத்தது. மூச்ச அடக்கிட்டு முக்கினா பிரஷர் சட்டுனு ஏறும், தலை சுத்தும், அதனால ரெப் எண்றத வாய்விட்டு எண்ணுங்க, பேசறப்போ மூச்ச அடக்க முடியாது.

திரும்பி வர்ற பயணம் தான் புதுசா வர்றவங்க விட்டுடற இடம். தள்றதுக்கு அவ்ளோ பாடுபட்டுட்டு வரும்போது ஸ்பிரிங் மாதிரி டபால்னு விட்டுடறாங்க. வெயிட்ட பிடிச்சு இறக்கும்போதும் சதை வேலை செய்யுது, பயிற்சில பாதி அங்க தான் இருக்கு. தள்ளும்போது இடுப்பு சீட்ட விட்டு எழும்பினாலோ, தாடை முன்னாடி நீண்டு கழுத்து நரம்பு புடைச்சாலோ, ஒரு கை முந்திக்கிட்டு போனாலோ வெயிட் அதிகம், பின்ன ஒரு ஓட்டை மேல மாத்துங்க.

முதல் ரெண்டு வாரத்துக்கு 2 செட், ஒவ்வொண்ணும் 10 ரெப், நடுவுல ஒன்றரை ரெண்டு நிமிஷம் ஓய்வு. அப்புறம் 3 செட். வாரத்துக்கு ரெண்டு நாள் போதும், நடுவுல 48 மணி நேரம் இடைவெளி விடுங்க. தள்ற பயிற்சி எத்தனை செட்டோ, இழுக்கிற பயிற்சியும் அத்தனை செட் பண்ணுங்க, ரோயிங் மெஷின் ஒண்ணு பக்கத்துலயே இருக்கும். நெஞ்ச மட்டும் பார்த்துக்கிட்டு முதுக மறந்தா தோள தாங்கிப் பிடிக்க பின்னாடி பலம் இருக்காது.

எப்போ ஏத்தறது

அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் 2009ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல சொல்றது, குறிச்ச ரெப்ப விட ஒண்ணு ரெண்டு கூட தள்ள முடிஞ்சா வெயிட்ட 2ல இருந்து 10 சதவீதம் வரைக்கும் ஏத்தலாம்னு. இத மெஷின்ல போட்டுப் பாருங்க. நீங்க 20 கிலோ தள்றீங்க, 10 சதவீதம்னா 2 கிலோ, ஆனா அடுக்குல அடுத்த பிளேட் 5 கிலோவா இருந்தா அது ஒரே தாவல்ல 25 சதவீதம். புதுசா வந்தவங்க மூணாவது வாரம் திடீர்னு திணற்றதுக்கு பல தடவ இந்த கணக்கு தான் காரணம். சில மெஷின்ல மேல ஒரு சின்ன எக்ஸ்ட்ரா வெயிட் இருக்கும், கம்பில நழுவி வந்து உக்காரும், அத பயன்படுத்துங்க. அது இல்லன்னா அதே 20லயே ரெப்ப 12, 13, 15னு ஏத்திக்கிட்டு போய், 15 சுத்தமா வந்தப்புறம் 25க்கு போய் 8ல இருந்து ஆரம்பிங்க. அகலக்கால் வெச்சு யாரும் சீக்கிரம் போய் சேர்ந்ததில்ல.

எந்த வலி சரி, எந்த வலி தப்பு

மறுநாள் நெஞ்சு முழுக்க பரவலா ஒரு இறுக்கம், தொட்டா வலிக்கிறது, இது சாதாரணம், ஒண்ணு ரெண்டு நாள் அதிகமா இருந்து தானா போய்டும். தள்ளும்போது தோள் முன்பக்கம் ஊசி குத்தின மாதிரி ஒரே இடத்துல வலிச்சா, கை மரத்துப் போனா, மூட்டுல டக்குனு ஏதோ விட்டுப் போன மாதிரி இருந்தா அங்கயே நிறுத்துங்க, இன்னும் ரெண்டு ரெப் தானேன்னு முடிக்கப் பார்க்காதீங்க. நெஞ்சுக்குள்ள அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுறது, கூடவே வியர்வையும் மூச்சு முட்டலும் வந்தா அது சதை வலின்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, உடனே ஆம்புலன்ஸ். முதல் நாளே வெறி பிடிச்ச மாதிரி பண்ணிட்டு அடுத்த நாள் கை தாங்க முடியாம வீங்கி, சிறுநீர் கருப்பு டீ நிறத்துல போனாலும் ஆஸ்பத்திரி தான், அடிபட்ட சதைல இருந்து கசியறது சிறுநீரகத்த பாதிக்கும்.

பக்கத்துல ரெண்டு கையையும் விரிச்சு கட்டிப்பிடிக்கிற மாதிரி ஒண்ணு இருக்கும், பெக் டெக். அதுவும் நெஞ்சுக்கு தான், ஆனா அங்க முழங்கையும் ட்ரைசெப்ஸும் உதவிக்கு வராது, கை விரிஞ்ச நிலைல பாரம் மொத்தமும் தோள் மூட்டுல தொங்கும். ஒரு மாசம் பிரஸ் பண்ணிட்டு அங்க போங்க, போகும்போது கை தோளுக்கு பின்னாடி போகாத மாதிரி ஆரம்ப இடத்த வெச்சுட்டு உக்காருங்க.

எழுந்துக்கும்போது சீட்டயும் ஹேண்டிலயும் துடைச்சுட்டு, பின்ன மேல கம்மி வெயிட்டுக்கு மாத்திட்டு வாங்க, அடுத்து வர்றவங்க என்ன மாதிரி எதையும் பார்க்காம உக்கார்ற ஆளா இருக்கலாம். அப்புறம் போன எடுத்து ஒரு வரி குறிச்சுக்கோங்க. என்னோட கடைசி வரி இது: சீட் 5, ஆரம்பம் 2, வெயிட் 25, ரெப் 10, 10, 8, மூணாவது செட்ல இடது தோள் எழும்புச்சு, அடுத்த தடவயும் 25 தான்.